ஒரு ராத்திரி கணக்கு தவறியது... 65 லட்சம் பேர் தவித்தனர்! மாதம் ஒருமுறை கூடிப்பேசும் 'மெயின்பிரேம்' ஆட்கள் செய்வது என்ன?

சம்பளம் பேங்கில் போட்டாச்சு என்கிறார் முதலாளி. ஏ.டி.எம்.முக்கு போய் கார்டை சொருகினால் பழைய கணக்கே வருகிறது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அப்படியே. வீட்டு வாடகை, பால் பாக்கி, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் எல்லாம் கழுத்தை நெரிக்கும்போது என்ன செய்வீர்கள்?

இது கற்பனை இல்லை. 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் நிஜமாகவே நடந்தது. ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து, நாட்வெஸ்ட், அல்ஸ்டர் ஆகிய 3 பேங்குகளிலும் கணக்கு வைத்திருந்த 65 லட்சம் பேர் மாட்டிக்கொண்டனர். வீட்டுக்கடன் தவணையை நேரத்துக்கு கட்ட முடியவில்லை. வெளிநாடு போனவர்கள் கையில் காசில்லாமல் நின்றனர். சில கம்பெனிகளால் தொழிலாளர்களுக்கு சம்பளம் கொடுக்க முடியவில்லை. அல்ஸ்டர் பேங்க் சரியாக ஜூலை 10-ந்தேதி வரை ஆனது.

நடந்தது என்ன?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேங்கில் பகலில் நடக்கும் வரவு-செலவை எல்லாம் ராத்திரியில் பெரிய கம்ப்யூட்டர் வரிசையாக கணக்கு பார்க்கும். முதலில் எந்த வேலை, அடுத்து எந்த வேலை என்று வரிசைப்படுத்த தனியாக ஒரு சாப்ட்வேர் உண்டு. இட்லிக்கு அரிசி ஊறணும், அரைக்கணும், மாவு புளிக்கணும், அப்புறம்தான் அடுப்பில் ஏற்றணும். ஒன்று தவறினாலும் காலையில் இட்லி இல்லை. பேங்க் கணக்கும் அப்படித்தான்.

அந்த வரிசை சாப்ட்வேரை ஜூன் 17-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை புதுசாக மாற்றினார்கள். கோளாறு தெரிந்தது. சரி, பழசுக்கே போய்விடலாம் என்று 19-ந்தேதி புதுசை கழற்றினார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சோதித்து பார்க்கவில்லை. அங்கேதான் வினை வந்தது. ராத்திரி வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக சிக்கிக்கொண்டன.

பிரிட்டனின் 2 கண்காணிப்பு அமைப்புகள் இதை விசாரித்து, 2014-ம் ஆண்டு நவம்பரில் பேங்குக்கு மொத்தம் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் போட்டன.

யார் இந்த 'சிஸ்டம்ஸ் புரோகிராமர்'?

அந்த ராத்திரி கணக்கை பார்க்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு பெயர்தான் மெயின்பிரேம். ஐ.பி.எம். கம்பெனி 1964-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி அறிவித்த 'சிஸ்டம்-360' என்ற மிஷின்தான் இந்த குடும்பத்துக்கு தாத்தா. அந்தக் காலத்தில் ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. இப்போது பெரிய பிரிட்ஜ் சைசுக்கு வந்துவிட்டது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் 'இசட்-17' என்ற புது மாடல் அறிவிக்கப்பட்டது. தாத்தா காலத்தில் எழுதிய புரோகிராம்கள் பல, பேரன் மிஷினிலும் ஓடும். அதனால்தான் பெரிய பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதை விடவில்லை.

இந்த மிஷினில் 2 வகை ஆட்கள் வேலை பார்ப்பார்கள். வட்டி கணக்கு, சம்பள கணக்கு என்று புரோகிராம் எழுதுபவர் ஒருவர். அந்த புரோகிராம்கள் எல்லாம் ஓடுவதற்கு மிஷினையே தயார் நிலையில் வைத்திருப்பவர் இன்னொருவர். பஸ் ஓட்டும் டிரைவர் வேறு, டெப்போ மெக்கானிக் வேறு இல்லையா? அதுபோல டெப்போ மெக்கானிக் வேலை பார்ப்பவர்தான் சிஸ்டம்ஸ் புரோகிராமர்.

கம்பெனி அனுப்பும் திருத்தங்களை மிஷினில் ஏற்றுவது இவர் வேலை. ஊர் தூங்கும் நேரத்தில் மிஷினை நிறுத்தி மறுபடி கிளப்புவதும், ஏதாவது படுத்துக்கொண்டால் அர்த்தராத்திரியில் எழுந்து ஓடிவருவதும் இவர்தான். ஒரு பெரிய பேங்கில்கூட இந்த ஆட்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. கோளாறு வந்தால் முதல் போன் இவருக்குத்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். ஐ.பி.எம். அனுப்பும் திருத்தத்துக்கு பெயரே 'தற்காலிக திருத்தம்' என்றுதான் அர்த்தம் வரும். ஆனால் ஏற்றிவிட்டால் அது நிரந்தரமாக அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் எந்த திருத்தத்தை ஏற்றலாம், எதை கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்பது பெரிய தலைவலி. இதை தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, ஏற்கனவே ஏற்றிப்பார்த்து அடிபட்டவரை கேட்பதுதான்.

அதற்காகத்தான் இந்த கூட்டம்.

போட்டி கம்பெனிகள் சேர்ந்த கதை

இந்த பழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1955-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சாண்டா மோனிகா என்ற ஊர். அங்குள்ள ராண்ட் நிறுவனத்தில் 17 இடங்களைச் சேர்ந்த ஆட்கள் கூடினர். எல்லோரும் ஐ.பி.எம்.மின் '704' என்ற புது கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு காத்திருந்தவர்கள்.

அவர்களில் விமானம் செய்யும் கம்பெனிக்காரர்களும் இருந்தனர். வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் பரம போட்டி. ஆனால் பிரச்சினை எல்லோருக்கும் ஒன்று. மிஷின் வந்தால் மட்டும் போதுமா? அதை ஓட்ட அடிப்படை புரோகிராம்கள் வேண்டுமே. ஒரே புரோகிராமை 17 பேரும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினால் 17 மடங்கு சம்பள செலவு. ஆளுக்கொன்று எழுதி பங்கிட்டுக்கொண்டால் எல்லோருக்கும் லாபம்.

அந்த சங்கத்துக்கு வைத்த பெயரே 'ஷேர்'. அதாவது, பங்கிடு. இன்றும் அந்த சங்கம் இருக்கிறது. மறு ஆண்டே 'கைடு' என்று இன்னொரு சங்கமும் வந்தது.

இவை நாடு தழுவிய சங்கங்கள். மாநாட்டுக்கு போக விமான டிக்கெட், ஓட்டல் வாடகை என்று செலவு. எல்லா கம்பெனியும் அனுப்பாது. அதனால் உள்ளூரிலேயே கூடுவதற்கு சின்ன சங்கங்கள் முளைத்தன. 1980-களில் வந்த 'நாஸ்பா' என்ற சிஸ்டம்ஸ் புரோகிராமர்கள் சங்கத்துக்கு அமெரிக்காவின் பல நகரங்களில் கிளைகள் இருந்தன. பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மொய்க்கும் நியூயார்க் வட்டாரத்திலும் ஒரு கிளை நடந்தது.

மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

இப்படிப்பட்ட உள்ளூர் கூட்டங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்.

காலையில் காபி, பன். அப்போதே பாதி வேலை முடிந்துவிடும். "அந்த திருத்தத்தை ஏத்திட்டீங்களா?" என்று ஒருவர் கேட்பார். "ஏத்தாதீங்க, எங்க மிஷின் ரெண்டு தடவை படுத்துச்சு" என்று மற்றவர் சொல்வார். இந்த ஒரு வார்த்தைக்காகவே வருபவர்கள் உண்டு.

அடுத்து பேச்சு. சாப்ட்வேர் விற்கும் கம்பெனி ஒன்று சாப்பாட்டு செலவை ஏற்றுக்கொண்டு தன் ஆளை பேச அனுப்பும். சரக்கை விற்க வரக்கூடாது, சமாச்சாரத்தை சொல்லணும் என்பது எழுதாத சட்டம். மீறினால் கேள்வி கேட்டே ஆளை வறுத்து எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, சொந்த அனுபவம். உறுப்பினர் ஒருவர் எழுந்து தன் இடத்தில் நடந்த மாற்றத்தை விவரிப்பார். எங்கே தவறினோம், எப்படி பிடித்தோம், எத்தனை மணி நேரம் ஆச்சு என்று ஒளிக்காமல் சொல்வார். ஆபீசில் சொன்னால் வேலைக்கே உலை வைக்கும் சமாச்சாரம் இங்கே பாடமாகிவிடும். புது சாப்ட்வேரை ஏற்றும் வழியை சோதிப்பதோடு நிற்காதே, பழசுக்கு திரும்பி வரும் வழியையும் சோதித்து வை என்பது இந்த தொழிலின் பாலபாடம். பிரிட்டன் பேங்க் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

நான்காவது, மனு. மிஷினில் இன்ன வசதி வேண்டும், இன்ன குறையை சரி செய்யணும் என்று பேசி முடிவெடுப்பார்கள். தனி ஆள் கேட்டால் ஐ.பி.எம். காதில் ஏறுமா? சங்கமாக கேட்டால் மரியாதை. 'ஷேர்' சங்கத்தில் ஓட்டெடுப்பு நடத்தியே கோரிக்கைகளை அனுப்பும் வழக்கம் உண்டு.

கடைசியில் எங்கெங்கே வேலை காலி என்ற அறிவிப்பு வரும். சில கூட்டங்களில் சீட்டு குலுக்கி சின்ன பரிசும் உண்டு.

பேசக்கூடாதது என்ன?

போட்டி கம்பெனி ஆட்கள் ஒரே அறையில் உட்கார்வதால் கட்டுப்பாடும் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம், பாஸ்வேர்டு, பாதுகாப்பு ஓட்டைகள் பற்றி மூச்சு விடக்கூடாது. நீ என்ன விலைக்கு வாங்கினாய், நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்றும் பேசக்கூடாது. விலையை கூடிப்பேசி முடிவு செய்வது அமெரிக்க சட்டப்படி குற்றம்.

இலவச டேப்

பேச்சோடு நிற்காமல் புரோகிராம்களையும் கைமாற்றிக்கொண்டார்கள். கனெக்டிகட் பேங்க் அண்ட் டிரஸ்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஆர்னால்ட் கசிங்கினோ என்பவர், 1975-ம் ஆண்டு வாக்கில், பல பேர் எழுதிய உதவி புரோகிராம்களை ஒரே காந்த டேப்பில் சேர்த்து கேட்டவருக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். பேங்க் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து 'சி.பி.டி. டேப்' என்றே அதற்கு பெயர் நின்றுவிட்டது.

அந்த பேங்க் இப்போது இல்லை. டேப்பும் இன்டர்நெட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் தொகுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளோடு இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. பல கோடி ரூபாய் மிஷினில் வேலை பார்ப்பவர்கள் இப்படி பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்குகிற மாதிரி புரோகிராம் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆள் எங்கே?

இப்போதைய பெரிய கவலை வயது. 1970, 80-களில் வேலைக்கு சேர்ந்தவர்கள் ரிட்டயர் ஆகிவிட்டனர், ஆகிக்கொண்டும் இருக்கின்றனர். இவர்களுக்கு தெரிந்ததில் பாதி எந்த புத்தகத்திலும் இல்லை.

பழைய ஆட்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை கொரோனா காட்டியது. 2020-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் உதவித்தொகைக்கு மனு போட்டனர். அங்கே ஓடியது 40 வருஷத்துக்கும் பழைய மெயின்பிரேம். பழைய 'கோபால்' மொழி தெரிந்த ஆட்கள் தொண்டு செய்ய முன்வர வேண்டும் என்று கவர்னர் பில் மர்பி பேட்டியிலேயே கேட்கும் நிலை வந்தது. குற்றம் பழைய மிஷின் மீதா, அதற்கு முன்னால் ஒட்டவைத்த புது வெப்சைட் மீதா என்று அப்புறம் வாதம் நடந்தது தனிக்கதை. காத்திருந்தவர்களுக்கு பணம் தாமதமானது நிஜம்.

இதை உணர்ந்து 'ஷேர்' சங்கம் 2005-ம் ஆண்டிலேயே இளைஞர்களுக்காக தனி பிரிவு தொடங்கியது. கொரோனாவுக்குப் பிறகு பல சங்கங்கள் வீடியோவிலும் கூட்டம் நடத்துகின்றன. வசதிதான். ஆனால் காபி கிளாசோடு ஓரமாக நின்று சொல்லும் அந்த ஒரு வார்த்தையை வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

நமக்கும் தொடர்பு உண்டு

சென்னைக்கும் இந்த மிஷினுக்கும் பழைய உறவு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ம் ஆண்டிலேயே ஐ.பி.எம். '370' மெயின்பிரேம் வந்து இறங்கியது. 2000-ம் ஆண்டு பிறக்கும்போது 'ஒய்-2-கே' கோளாறு வரும் என்று உலகமே பயந்த நேரத்தில், பழைய புரோகிராம்களை திருத்த நம்மூர் இளைஞர்கள் ஏராளமானோர் 'கோபால்' படித்து அமெரிக்கா போனார்கள். இன்றும் பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் ராத்திரி ஷிப்டில் வெளிநாட்டு பேங்குகளின் மெயின்பிரேம்களை கவனிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு தகவல்: ஐ.பி.எம். நடத்தும் 'இசட் எக்ஸ்ப்ளோர்' என்ற இன்டர்நெட் பயிற்சியில், நிஜ மெயின்பிரேமிலேயே காசில்லாமல் பழகிப்பார்க்கலாம்.

பயிற்சி அடிப்படையைத்தான் சொல்லித்தரும். எந்த திருத்தத்தை ஏற்றினால் எந்த ராத்திரி தூக்கம் போகும் என்பதை அடிபட்டவர்தான் சொல்லணும். அவர் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு போவதற்குள் கேட்டு வைத்துக்கொள்ளத்தான் மாதாமாதம் இந்த கூட்டம்.