மஞ்சள் சட்டை அணியாத வீரர்

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்போரும் அவர்களுக்குத் துணையிருப்போரும் எண்களோடு வாழப் பழகிவிடுகின்றனர். இரத்தப் பரிசோதனை அறிக்கையில், எட்டவேண்டிய அளவுக்குச் சற்றுக் கீழே ஓர் எண் நிற்கும். வெள்ளிக்கிழமை வீடு திரும்பலாம் என்று பையை அடுக்கி வைத்திருக்கையில், அந்நாள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று மருத்துவர் ஆறுதலாகச் சொல்வார். அந்தக் கொஞ்சம் எத்தனை கனமானது என்பதைச் சுமப்பவரே அறிவார்.

இவ்விதழில், அத்தகைய கொஞ்சத்தைப் பதினான்கு முறை சந்தித்தும் கசந்துபோகாத ஒரு மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் பிரான்சு நாட்டின் மிதிவண்டிப் பந்தய வீரர் ரெமோன் பூலிதோர். பிரெஞ்சு மக்கள் அவரைச் செல்லமாகப் "பூபூ" என்று அழைத்தனர்.

மூன்று வாரப் பந்தயம்

டூர் டி பிரான்ஸ் என்னும் மிதிவண்டிப் பந்தயம் 1903ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும் இப்பந்தயம் நாள்தோறும் ஒரு கட்டம் எனப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் சமவெளி, மறுநாள் மலை, பிறிதொரு நாள் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் தனி ஓட்டம். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்பட்டுக்கொண்டே வரும். மொத்தத்தில் மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே முதல்வர். அன்றன்று முன்னணியில் இருப்பவர் மஞ்சள் நிறச் சட்டை அணிந்து ஓட்டுவார். இவ்வழக்கம் 1919 முதல் உள்ளது.

இத்தகைய பந்தயத்தில் ஒரு நாள் வெற்றி எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை. ஒரு நாள் சறுக்கலும் எல்லாவற்றையும் பறித்துவிடுவதில்லை. ஆயினும் சிறிய இழப்புகள் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும்.

பூலிதோர் 1936ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வாழ்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நீங்கி வயல் வேலைக்குச் சென்றார். இராணுவச் சேவையை முடித்தபின், 1960ஆம் ஆண்டு மெர்சியே என்னும் அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். 1977இல் ஓய்வு பெறும்வரை அவர் வேறு அணிக்கு மாறவில்லை.

1962இல் தம் முதல் டூர் டி பிரான்சுக்கு அவர் கையில் மாவுக்கட்டுடன் வந்தார். முதல் நாளே எட்டு நிமிடங்கள் பின்தங்கினார். அந்நிலையிலிருந்து மேலேறி, பந்தயத்தின் முடிவில் மூன்றாம் இடம் பெற்றார். அன்று அவரைக் கண்ட எவரும், ஓரிரு ஆண்டுகளில் இவர் முதல்வராவார் என்றே கருதியிருப்பர்.

1964: ஐம்பத்தைந்து விநாடிகள்

அந்த ஆண்டு அவருக்கு எதிரே நின்றவர் ஜாக் ஆங்க்தில். அதற்குள் நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றிருந்த அவர், தனி ஓட்டத்தில் நிகரற்றவர். உணர்ச்சியை முகத்தில் காட்டாதவர். பூலிதோரோ மலையேற்றத்தில் வலிமை மிக்கவர். அவ்வாண்டு மே மாதம் ஸ்பெயின் நாட்டின் பெரும் பந்தயமான வுவெல்தாவை வென்றுவிட்டு வந்திருந்தார்.

மொனாக்கோவில் முடிந்த கட்டத்தில் வட்டப்பாதை ஓட்டம் இறுதியாக இருந்தது. பூலிதோர் முழுவேகத்தில் பாய்ந்து கோட்டை முதலில் கடந்தார். ஆனால் இன்னும் ஒரு சுற்று மீதமிருந்தது. அந்தச் சுற்றில் ஆங்க்தில் முந்தினார். முதலில் வருபவருக்கு உரிய ஒரு நிமிடச் சலுகையும் ஆங்க்திலுக்கே போயிற்று.

சில நாள்களுக்குப் பின், துலூஸ் நகரை நோக்கிய பாதையில் பூலிதோரின் சக்கரத்தில் பழுது ஏற்பட்டது. வண்டியை மாற்றிக்கொண்டு புறப்படுகையில், மெக்கானிக் ஆர்வமிகுதியால் வேகமாகத் தள்ளிவிட, அவர் நிலைதடுமாறி விழுந்தார். அன்று இழந்தது இரண்டு நிமிடங்களுக்கும் மேல். உதவ நீண்ட கையே விழக் காரணமாயிற்று. எனினும் அந்தக் கையில் தீய எண்ணம் எதுவுமில்லை. மறுநாள் மலைகளைக் கடந்து லூஷோன் நகருக்குச் சென்ற கட்டத்தில் பூலிதோர் தனியே முன்சென்று வென்றார். முந்தைய நாளின் வீழ்ச்சியை அவர் மறுநாள் காலைக்குச் சுமந்து செல்லவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஜூலை 12 அன்று புய் டி டோம் என்னும் பழைய எரிமலையின் உச்சிக்கு ஏறவேண்டியிருந்தது. சாலையோரம் மக்கள் திரண்டிருந்தனர். ஆங்க்தில் மஞ்சள் சட்டையில், 56 விநாடிகள் முன்னணியில் இருந்தார். இருவரும் தோளோடு தோள் உரசியவாறு ஏறினர். முழங்கைகள் மோதிக்கொண்ட அந்த நொடியின் புகைப்படம் இன்றளவும் பிரான்சில் புகழ்பெற்றது. ஆங்க்தில் அன்று மிகவும் தளர்ந்திருந்தார். அத்தளர்ச்சி தெரியாதிருக்கவே, பின்னால் செல்லாமல் பூலிதோரின் அருகிலேயே சரிசமமாக ஓட்டினார் என்பர். அருகில் இருந்தவராலும் அதனைக் கண்டுகொள்ள இயலவில்லை. இறுதியில் பூலிதோர் விலகி முன்சென்று 42 விநாடிகளை மீட்டார். மீதமிருந்தது 14 விநாடிகள். மஞ்சள் சட்டை ஆங்க்திலிடமே நின்றது.

பாரிஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது இருவரும் 4,500 கிலோமீட்டருக்கு மேல், 127 மணி நேரம் ஓட்டியிருந்தனர். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 55 விநாடிகள். மொனாக்கோவில் கைமாறிய சலுகை 60 விநாடிகள்.

தொடர்ந்த ஆண்டுகள்

1965இல் ஆங்க்தில் பந்தயத்திற்கு வரவில்லை. இம்முறை வெற்றி உறுதி என்று பலரும் எண்ணினர். ஆனால் ஃபெலிச்சே ஜிமொந்தி என்னும் 22 வயது இத்தாலிய இளைஞர் வென்றார். பூலிதோர் மீண்டும் இரண்டாம் இடம். 1967இல் தமக்கு வாய்ப்பு நழுவியதும், தம் நாட்டு அணியைச் சேர்ந்த ரோஜே பான்ஜோன் வெல்வதற்காக உழைத்தார், பான்ஜோன் வென்றார். 1968இல் பந்தயத்தைத் தொடர்ந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் மோதிக் காயமுற்று விலக நேர்ந்தது. 1973இல் தொடக்க நாள் தனி ஓட்டத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான வேறுபாட்டில் மஞ்சள் சட்டை கைநழுவிப் போயிற்று. அதே பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து வெளியேறினார்.

ஆங்க்திலின் காலம் முடிந்தவுடன் எடி மெர்க்ஸ் என்னும் பெல்ஜிய வீரரின் காலம் தொடங்கிவிட்டது. இருவரும் ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர்கள். பூலிதோரின் வாழ்க்கை அவ்விருவரின் காலங்களிலும் விரிந்து கிடந்தது. அது அவர் தேர்ந்துகொண்டதன்று.

பதினான்கு முறை அப்பந்தயத்தில் பங்கேற்ற அவர் மூன்று முறை இரண்டாம் இடமும் ஐந்து முறை மூன்றாம் இடமும் பெற்றார். கடைசியாக மூன்றாம் இடம் பெற்றது 1976இல், நாற்பதாம் வயதில். மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூட அணியவில்லை.

எனினும் அவரைத் தோற்றவர் என்று சொல்லிவிட இயலாது. டூர் டி பிரான்சில் ஏழு கட்டங்களை வென்றவர் அவர். 1961இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தையும் 1972, 1973 ஆண்டுகளில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தையும் வென்றார். 1972இல் மெர்க்சை அவர் முந்தியது வெறும் ஆறு விநாடிகளில். விநாடிகள் அவர் பக்கமும் ஒருமுறை சாய்ந்தன. 38 வயதில், 1974ஆம் ஆண்டு, மலைக்கட்டம் ஒன்றில் அதே மெர்க்சைப் பின்தள்ளி வென்றார்.

மக்கள் ஏன் நேசித்தனர்?

வென்ற ஆங்க்திலைவிட பூலிதோரையே மக்கள் மிகுதியாக நேசித்தனர். இது ஆங்க்திலை வருத்தியதும் உண்டு. இரக்கத்தால் மட்டும் அத்தகைய நேசம் நெடுங்காலம் நிலைக்காது. பூலிதோர் குறைகூறிக்கொண்டு திரியவில்லை. அதிர்ஷ்டம் தம்மைக் கைவிடக் கைவிட மக்கள் தம்மை மேலும் விரும்பினர் என்று நகைச்சுவையோடு சொல்லிக்கொண்டார். 1966இல் டூர் டி பிரான்சில் ஊக்கமருந்துப் பரிசோதனை முதன்முதலாக நடத்தப்பட்டபோது, சோதனைக்கு உட்பட்ட முதல் வீரர் அவரே. மறுநாள் வீரர்கள் பலர் அதனை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்தனர். அவரோ மறுப்பின்றி மாதிரியைக் கொடுத்திருந்தார்.

இன்னொரு செய்தியை இவ்விதழில் சொல்லாமல் இருக்க இயலாது. களத்தில் எதிரிகளாக நின்ற ஆங்க்திலும் பூலிதோரும் ஓய்வுக்குப் பின் நண்பர்களாயினர். 1987இல் ஆங்க்தில் இரைப்பைப் புற்றுநோயால் துன்புற்றார். தம் வலி, நாள் முழுதும் ஒவ்வொரு மணி நேரமும் புய் டி டோம் மலையில் ஏறுவதைப் போன்றது என்று அவர் பூலிதோரிடம் கூறினார். போகுமிடத்திலும் தாமே முந்திக்கொள்ளப் போவதாகவும், பூலிதோர் மறுபடியும் இரண்டாமவரே என்றும் விளையாட்டாகச் சொன்னார். பூலிதோர் பின்னாளில் இதனைப் பலமுறை நினைவுகூர்ந்தார். வலியின் அளவை எடுத்துச்சொல்ல ஆங்க்தில் தேர்ந்தெடுத்த உவமையை உலகிலேயே முழுமையாக உணரக்கூடிய ஒரே மனிதர், அன்று அருகில் அதே மலையில் ஏறியவர்தான். 1987 நவம்பர் 18 அன்று, 53 வயதில் ஆங்க்தில் காலமானார்.

பூலிதோர் அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆண்டுதோறும் டூர் டி பிரான்ஸ் பாதையோரத்தில் ரசிகர்களோடு கைகுலுக்கினார். மஞ்சள் சட்டையின் புரவலரான வங்கியின் சார்பில், மஞ்சள் நிற மேலாடை அணிந்தே அங்கு வந்தார். அதனைப் பார்த்துச் சிரித்தவர்களோடு அவரும் சிரித்தார். 2019 நவம்பர் 13 அன்று, 83 வயதில் மறைந்தார்.

2021 ஜூன் 27 அன்று, அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான் டெர் பூல், தம் முதல் டூர் டி பிரான்சின் இரண்டாம் நாளிலேயே வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். கோட்டைக் கடக்கையில் வானை நோக்கி விரலை உயர்த்தினார். பின்னர் கண்ணீர் விட்டார். ஆறு நாள்கள் அச்சட்டை அவரிடம் இருந்தது.

நமக்குரியது என்ன?

நோய் ஒரு பந்தயமன்று. இதனைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். சிகிச்சை எதிர்பார்த்த பயனைத் தராதபோது, நோயாளி போதிய உறுதியோடு இல்லை என்று பொருளாகாது. பூலிதோர் வாழ்ந்த காலத்தில் மெர்க்ஸ் இருந்ததற்கு பூலிதோர் பொறுப்பல்லர். உங்கள் உடலில் வந்த நோயின் தன்மைக்கு நீங்களும் பொறுப்பல்லர். "இன்னும் மன உறுதியோடு இருந்திருக்கலாமே" என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை ஏற்றுக்கொள்ளவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

துணையிருப்போருக்கும் ஒரு சொல். ஒரு வேளை மருந்து தாமதமானதையோ, முன்பே மருத்துவரிடம் அழைத்து வராததையோ எண்ணி இரவில் உறக்கமின்றித் தவிப்போரை நாம் அடிக்கடி காண்கிறோம். அன்பினால் நீண்ட கை சிலவேளை தவறித் தள்ளிவிடுவதுண்டு. அதனை ஒரு முறை மருத்துவக் குழுவிடம் மனந்திறந்து சொல்லுங்கள். அதனால் உண்மையில் என்ன நேர்ந்தது, என்ன நேரவில்லை என்பதை அவர்கள் விளக்குவர். பல வேளைகளில் உங்கள் அச்சம் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும்.

அருகில் அமர்ந்திருப்போருக்கும் நோயாளியின் தளர்ச்சி எப்போதும் தெரிவதில்லை. ஆங்க்திலைப் போல், சரிசமமாக ஓட்டிக்காட்டுவோர் நம் வார்டுகளிலும் உண்டு. "நன்றாக இருக்கிறேன்" என்ற விடையோடு நின்றுவிடாமல், "இன்று எது கடினமாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். நோயாளிகளும் வலியை மறைக்கவேண்டாம். மறைத்த வலிக்கு மருந்து கொடுக்க எவராலும் இயலாது.

அடுத்த முறை அறிக்கையில் ஓர் எண் சற்றே குறைந்து நிற்கையில், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண் எனக்கு என்ன பொருள் தருகிறது? அடுத்த கட்டம் என்ன? மீண்டும் எப்போது பார்ப்போம்? விடைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நாள் அத்தோடு முடியட்டும், உணவருந்தி ஓய்வெடுங்கள். நாளைய கட்டத்தை நாளைக் காலையில் சேர்ந்தே பார்ப்போம்.