லிஃப்ட் தூக்கவில்லையா? கோளாறு எங்கே?

சிதம்பரம் பக்கம் சம்பா சேற்றுழவு நேரத்தில், பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் கலப்பையைத் தூக்காமல் நின்றுவிடுவது ஏன்?

பம்பு தள்ளும் எண்ணெய்தான் சிலிண்டருக்குள் பிஸ்டனை நகர்த்துகிறது. அழுத்தம் குறைந்தால் பலமும் குறையும்.

முதலில், என்ஜின் விசையைக் கருவிகளுக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டின் லீவரைப் பாருங்கள், நியூட்ரலில் இருந்தால் பம்பு சுழலாது. அடுத்து, அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள். கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெயை மாற்றி, வடிகட்டியையும் கழுவுங்கள்.

எண்ணெய் சூடேறிய பிறகு மட்டும் தூக்கவில்லையா? இளகிய எண்ணெய், தேய்ந்த பாகங்களின் இடுக்கில் நழுவுகிறது. என்ஜினை நிறுத்தியதும் கலப்பை சட்டென்று இறங்கினால், பிஸ்டன் ரிங்கிலோ வால்விலோ கசிவு.

எதைச் சோதித்தாலும், முட்டுக் கொடுக்காத கலப்பைக்கு அடியில் கை வைக்கவே வேண்டாம்.