ஒரே முட்டைக்குப் பல ஏலம்

2024 ஏப்ரலில் காஷ்மீரின் சோப்போர் பக்கம் மால்போரா என்ற ஊரில் மசூதி கட்ட வீடு வீடாக வசூல் நடந்தது. பணம் இல்லாதவர்கள் கையில் இருந்த பொருளைக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கிடைத்தது ஒற்றைக் கோழிமுட்டை. அதை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையை மசூதிக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம், மறுபடி திருப்பிக் கொடுத்தல். கடைசியில் 70,000 ரூபாய்க்கு ஒருவர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது மொத்தம் 2.26 லட்சம் ரூபாய் சேர்ந்திருந்தது.

நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளின் அறுப்பின் பண்டிகைக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. காணிக்கையாக வரும் வாழைத்தார், தேங்காய், சேவல் எல்லாம் ஆலய வளாகத்திலேயே ஏலம் போகும். எடுத்த பூசணிக்காயை “இன்னொரு தடவை விடுங்க” என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

மாமல்லபுரம் பக்கத்தில், அணுசக்தித் துறை ஊழியர்கள் வாழும் அணுபுரம் போன்ற குடியிருப்பில் நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட ஏலம் நடத்த நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: கடையில் விலை தெரிந்த பொருள் ஏலத்தில் ஏறாது. மிக்சியை மேடையில் வைத்தால் எல்லோரும் போனில் விலை பார்ப்பார்கள். அதற்கு ஐநூறு ரூபாய் கீழேயே குரல் நின்றுவிடும். கடையில் கிடைக்காததற்குத்தான் கை உயரும்.

காந்திக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராகப் போனபோது தமக்கு வந்த பரிசுகளை மேடையிலேயே விற்றுக் காசாக்கினார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார். 1934 ஜனவரியில், அன்றைய சென்னை மாகாணத்தின் வடகரை என்ற ஊரில் அப்படி விற்றுக்கொண்டிருந்தபோதுதான் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் மேடையேறி வளையலைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாள். முடிவில் போட்டிருந்த நகைகளையே கொடுத்துவிட்டாள்.

பொருளே இல்லாமல் நேரத்தை விற்றவர் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். அவரோடு ஒரு மதியச் சாப்பாடு என்பதுதான் ஏலப்பொருள். பணம் சான் பிரான்சிஸ்கோவின் கிளைடு அறக்கட்டளைக்கு. 2000-இல் 25,000 டாலருக்குப் போனது, 2022-இல் நடந்த ஏலத்தில் 1.9 கோடி டாலரைத் தொட்டது.

இதையே அணுபுரத்துக்குக் கொண்டுவந்தால்? மாமல்லபுரம் பட்டறையில் சிற்பியோடு ஒரு நாள், உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள. தொலைநோக்கி வைத்திருக்கும் விஞ்ஞானி, மொட்டைமாடியில் நான்கு பிள்ளைகளுக்குச் சனியின் வளையத்தைக் காட்டும் ஓர் இரவு. பக்கத்து வீட்டு மாமியின் வத்தக்குழம்பு, மாதம் ஒருமுறை, ஒரு வருஷத்துக்கு. ஏலம் விடுவதற்கு மைக் பிடித்துப் பழகிய தொகுப்பாளர் வேண்டாம். இந்தக் கடற்கரைக் குப்பங்களில் படகு கரையேறியதும் மீனை ஏலம் கூறுபவர்களில் ஒருவரை அழைத்தால் கூட்டம் தூங்காது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எதிர்வீட்டுக்காரரே மேலதிகாரியாக இருக்கும் ஊர் இது. அவர் ஐயாயிரம் என்று சொன்னபின் ஆறாயிரம் என்று யார் குரல் கொடுப்பார்கள்? அதற்கு எழுத்து ஏலம் பொருந்தும். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு தாள். பெயருக்குப் பதில் டோக்கன் எண்ணும் தொகையும் எழுதினால் போதும். எட்டு மணிக்கு மணி அடித்தால் கடைசி எண்ணுக்குப் பொருள்.

விலையை மேலிருந்து குறைத்துக்கொண்டே வரும் இறங்குமுக ஏலமும் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் பெயரால் உலகம் அறிந்த முறை அது; அவர்களின் கோட்டை பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்திலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் மாற்றி, பொருளே வைக்காமல், “பத்தாயிரம் தருபவர் யார்?” என்று தொடங்கி ஐயாயிரம், ஆயிரம், நூறு என்று இறங்கி வரலாம். தோற்றவர் என்று யாரும் இல்லை. நூறு ரூபாய்க்காரரின் கையும் உயரும். என் கணக்கில் வசூல் அதிகம் வரக்கூடியது இதில்தான்.

பெருமைக்கும் தனி விலை உண்டு. ஹைதராபாத் பாலாபூர் பிள்ளையார் லட்டு 1994-இல் 450 ரூபாய்க்கு ஏலம் போனது, 2024-இல் 30.01 லட்சம். எடுத்தவர் பெயரை ஊரே ஒரு வருஷம் சொல்லும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் (1964) 12-ஆம் விதிப்படி, முன் அனுமதி இல்லாமல் ஊழியர் நிதி திரட்டுவதில் ஈடுபடக் கூடாது. அணுசக்தித் துறை ஊழியர்கள் நிறைந்த அணுபுரத்தில் நோட்டீஸ் அடிக்குமுன் அந்த அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்; அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ஆகவே மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை, க்யூ.ஆர். அட்டை, ரசீதுப் புத்தகம். மூன்றாம் தரம் சொன்ன கையோடு பணத்தை வாங்கிவிட வேண்டும். மறுநாள் கேட்டால் “சம்பளம் வரட்டும்” என்பார்கள்.