பெருக்கம் அல்ல, திருகுதான்

ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை. அமெரிக்காவில் .22 ரைபிள்களுக்கென நடக்கும் என்.ஆர்.எல்.22 போட்டிகளோ வேறு ரகம்: 100 கஜத்துக்குள் பல தூரங்களில் இலக்குகள், துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் சேர்த்து விலை உச்சவரம்பு வைத்த பிரிவும் உண்டு. கையில் காசு குறைந்தவர் மயங்குவது ஸ்கோப் பெட்டியில் அச்சிட்ட பெருக்க எண்ணில். பார்க்க வேண்டியது குறியை ஏற்றி இறக்கும் திருகை. 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைபிளில் ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா, 100 கஜத்தில் 6 அல்லது 7 அங்குலம் கீழே இறங்கிவிடும். திருகின் ஒரு கிளிக் 0.1 மில் (கோண அளவு) என்றால், அது 100 மீட்டரில் 1 செ.மீ.; ஆக ஏறக்குறைய 18 கிளிக் ஏற்றி, அடுத்த இலக்குக்கு இறக்க வேண்டும். திருகு பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் எவ்வளவு தெளிவான கண்ணாடியும் வீண். 100 கஜத்துக்கே நிலைநிறுத்திய மலிவு ஸ்கோப்பில் 25 கஜ இலக்கு மங்கும், கண் நகர்ந்தால் குறியும் நகரும்; பாரலாக்ஸ் திருத்தி அவசியம்.

பெரிதாகத் தெரிந்தால்தானே சுட முடியும் என்பார்கள். 40 மி.மீ. முகப்புக் கண்ணாடியில் 10 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மி.மீ. அகலம், 20 மடங்கில் 2 மி.மீ.தான். படம் இருண்டு, பார்வைப் பரப்பும் சுருங்க, அடுத்த இலக்கைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். மலிவுத் திருகை நம்பலாமா என்றால், சோதிக்கலாம்: 50 கிளிக் ஏற்றினால் 100 மீட்டரில் 50 செ.மீ. உயர்ந்து, இறக்கியதும் பழைய துளையிலேயே விழ வேண்டும். ஒரே தூரத்தில் மேசைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளருக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அவர் தாராளமாகப் பெருக்கத்துக்கே காசு கொடுக்கலாம்.