வாசற்படி ஜீவன்கள் – 14: காலண்டரில் ஒரு சுழி

பூனை வளர்க்கும் வீடுகளில் சந்தோஷமாகச் சொல்லப்படும் கெட்ட செய்தி ஒன்று உண்டு. "வயசாயிடுச்சே தவிர, தண்ணி நல்லாக் குடிக்குது சார்!"

பூனை வறண்ட நிலத்து வம்சம். ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வாரிசு. இரையில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளும். சிறுநீரைச் சுண்ட வைத்துத்தான் வெளியே விடும். அது பாத்ரூம் பக்கெட் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, நக்கி நக்கிக் குடித்துத் தீராமல் நிற்கிறதென்றால் ஏதோ சரியில்லை. சர்க்கரையாக இருக்கலாம். ஆனால் பத்து வயதைத் தாண்டிய பூனையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிறுநீரகத்தை. சுண்ட வைக்கும் திறன் போகும் நேரத்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்வதை நிறுத்தியிருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.6-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. 5-ஐத் தாண்டிவிட்டால் கடைசிக் கட்டம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரிதான். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு இடம் மாறிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. நாயென்றால் பைக்கின் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்து வரும். பூனையை ஒயர்கூடையில் வைத்து, மேலே துண்டு கட்டி, ஆவடி லோக்கலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். நோய் என்னவென்று தெரிய ஒருமுறை போவது அவசியம். பெயர் தெரிந்த பிறகும், தீராது என்று சொன்ன பிறகும் அலைக்கழிப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கட்டத்தில் தேவைப்படுபவர், வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய உள்ளூர் டாக்டர்.

திருமுல்லைவாயிலில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. வீட்டுக்காரர் டாங்கி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வயதுப் பெண் பூனை, பெயர் சின்னு; சிறுநீரகக் கோளாறு. ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கும். அந்த வீட்டு அம்மா சின்னுவை மடியில் அழுத்திக்கொள்வார். வீட்டுக்காரர் அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அடியில் ஊசியைச் செருகுவார். நூறு மில்லி உள்ளே போனதும் முதுகில் ஒரு திமில் எழும். சற்று நேரத்தில் அது ஒரு பக்கமாகச் சரிந்து முன்னங்காலில் இறங்கித் தொங்கும். மறுநாள் காணாமல் போகும். ஆரம்பத்தில் இந்த வைத்தியம் நன்றாகவே கேட்டது. வேகவைத்த நெத்திலியைச் சூடாகக் கொடுத்தால் வாசனைக்கு எழுந்து வந்து தின்றது.

பிறகு வாயில் புண். நெத்திலியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூச்சில் சிறுநீர் வாடை. வலியாக இருக்குமோ என்று அரை பாராசிட்டமால் கொடுக்கப் போனவரை டாக்டர் போனிலேயே அதட்டி நிறுத்தினார். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் பழுப்பேறி, மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

"மடியில வச்சா குர்குர்ங்குதே டாக்டர், சந்தோஷமாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"வலியிலயும் அப்படித்தாம்மா பண்ணும். சத்தத்தை நம்பாதீங்க, தட்டைப் பாருங்க."

கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் பால் கணக்கும் குறித்த காலண்டரில் அன்றிலிருந்து சின்னுவின் கணக்கும் ஏறியது. தானாக எழுந்து சாப்பிட்ட நாளுக்கு ஒரு டிக், இல்லையென்றால் சுழி. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் இதற்கென்று ஓர் அளவுகோலே வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். அந்த வீட்டுக்கு டிக்கும் சுழியுமே போதுமானதாக இருந்தது. சுழிகள் வரிசை கட்டியபோது டாக்டர் கருணைக்கொலை ஊசிப் பேச்சை எடுத்தார்.

"வேணாம் டாக்டர், இயற்கையாப் போகட்டும். பாவம் நமக்கெதுக்கு?"

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்ட அன்றே இயற்கை அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. சிறுநீரகம் முழுக்கப் படுத்தால் வருவது தூக்கத்தில் போகும் சாவும் அல்ல. பட்டினி, குமட்டல், வாய்ப்புண், சிலவற்றுக்கு வலிப்பு.

பாவக் கணக்கு பார்ப்பவர்களுக்கு 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு கன்றுக்குட்டி, பிழைக்காது என்று வைத்தியர் கைவிட்டுவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. காந்தி ஆசிரமவாசிகளுடன் கலந்து பேசினார், எதிர்ப்பும் வந்தது. கடைசியில் டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 'யங் இந்தியா'வில் அவர் பதில் எழுதினார். உண்டாக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்ற வாதம், சுயநலத்துக்காகக் கொல்லும்போதுதான் பொருந்தும் என்பது அவர் கட்சி.

அந்தச் சுயநலக் கேள்வியை மறுபக்கமும் திருப்ப வேண்டும் என்பேன். பேத்தி ஊரிலிருந்து வரட்டும், அமாவாசை கழியட்டும் என்று தள்ளிப்போடுவது யாருக்காக? உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்கிற நிலை உண்டு என்பதை 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவே ஒப்புக்கொள்கிறது.

கடைசியில் அந்த வீடும் சம்மதித்தது. ஊசி போடும்போது கூடவே இருக்கப்போகிறவர்கள் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மயக்க ஊசி. அதில் பூனை தூங்கிவிடும். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடி மழித்து, நரம்பில் அளவுக்கு மீறிய மயக்க மருந்து. உடம்பு வற்றிய பூனைக்கு நரம்பு கிடைக்காது. வயிற்றில் போடுவார்கள், நேரம் கூடுதலாகும். இதயம் நின்ற பின்னும் ஒன்றிரண்டு மூச்சு இழுக்கலாம், சிறுநீர் பிரியலாம். கண் மூடாது. சின்னுவின் கண்ணை மூட அம்மா திரும்பத் திரும்ப முயன்றார். "அது அப்படித்தான் இருக்கும்மா, உயிர் இல்ல" என்று டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காட்டிய பிறகே விட்டார்.

புதைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஊசி மருந்து உடலிலேயே தங்கும்; தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் விழும். மூன்றடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். ஏரியோரத் தெருக்களில் கார்த்திகையில் இரண்டடியிலேயே தண்ணீர் ஊறிவிடும். மேடான இடம் பார்க்க வேண்டும். கொல்லை இல்லாத ஃபிளாட்வாசிகள் உள்ளாட்சி அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். அதிலும் நம் பக்கம் ஒரு சிக்கல்: அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சி, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. உங்கள் தெரு எதில் சேர்த்தி, யாரைக் கூப்பிடுவது என்பதைப் பூனை உயிரோடு இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள். மிஞ்சிய சலைன் பாட்டில்களைப் பிரிக்காமல் டாக்டரிடம் கொடுத்தால் வேறொரு பூனைக்கு ஆகும்.

அடுத்த வாரம்: வீட்டில் மிஞ்சிய இரண்டாவது பூனை ஏன் சாப்பிட மறுக்கிறது?

(தொடரும்)