பட்டமளிப்பு அரங்கமும் விளையாட்டுக் கூடமும்: ஒரு பல்கலைக்கழகம் பணத்துக்கு எங்கே போகிறது?

திருச்சியைச் சுற்றி உயர்கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1951-இல் தொடங்கிய நமது ஜமால் முஹம்மது கல்லூரி, 1982-இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம், துவாக்குடியில் என்.ஐ.டி., ஸ்ரீரங்கம் வட்டத்தில் நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், சேதுராப்பட்டியில் ஐ.ஐ.ஐ.டி. என்று பட்டியல் நீளும். நம் பிள்ளைகள் இவற்றில் படிக்கிறார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் பெரிய அரங்கமோ விளையாட்டுக் கூடமோ கட்டும்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பெற்றோர்களாகிய நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காரணம் உண்டு. திட்டம் பிசகினால் அந்தச் சுமை கட்டணமாக நம் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

அரங்கம் தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் 38-வது பட்டமளிப்பு விழா 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் கலந்துகொள்ள நடந்தது. அது போன்ற நாள் அபூர்வம்தான். ஆனாலும் பல மாவட்டங்களின் கல்லூரிகளை இணைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் பட்டமளிப்பு உண்டு. வேன் பிடித்து வந்த உம்மாவும் வாப்பாவும் வெளியே மரத்தடியில் நிற்க, பிள்ளை மட்டும் உள்ளே போய் பட்டம் வாங்கி வருவது நல்ல காட்சியல்ல.

சிக்கல் என்னவென்றால், பட்டமளிப்பு ஆண்டுக்கு ஒரு நாள். கருத்தரங்கம், கலைவிழா எல்லாம் சேர்த்தாலும் சில வாரங்கள். மீதி நாட்களில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு யார் பணம் தருவார்? அதனால்தான் "அரங்கமும் விளையாட்டுக் கூடமும் ஒன்றாக" என்ற யோசனை வருகிறது. காகிதத்தில் இது அழகாக இருக்கும். கட்டும்போதுதான் வம்பு தெரியும்.

கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர். 40-க்கு 25 மீட்டர் தளம் இருந்தால் இவை தாராளமாக அடங்கும், நடைபாதை விட்டு ஆயிரம் நாற்காலி வரை போடலாம். ஆனால் பெரிய பேட்மிண்டன் போட்டிக்கு மேலே 12 மீட்டர் உயரம் வெற்றிடமாக வேண்டும். அதாவது நாலு மாடி உயரம். பேச்சைத் தெளிவாகக் கேட்க வேண்டிய அரங்கத்துக்கு அந்த உயரம் எதிரி, எதிரொலி கொல்லும். திருச்சி வெயிலில் ஏ.சி. இல்லாமல் விழா நடத்த முடியாது, அந்த ஏ.சி. காற்றிலோ இறகுப்பந்து திசைமாறிப் பறக்கும். விளையாட்டுக்கென்று போட்ட மரத்தளத்தில் இரும்பு நாற்காலியை இழுத்தால் கீறல் விழும், ஒவ்வொரு விழாவுக்கும் மேலே விரிப்பு போட்டாக வேண்டும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வரைபடக் கட்டத்திலேயே பதில் இல்லையென்றால், விழாவுக்கும் உதவாத, விளையாட்டுக்கும் உதவாத ஒரு கொட்டகைதான் மிஞ்சும். எங்களைக் கேட்டால், பணம் குறைவாக இருக்கும் இடத்தில் விளையாட்டுக் கூடத்தை முதலில் கட்டி, பட்டமளிப்புக்குப் பந்தல் போடுவதே மேல் என்போம்.

இனி பணம். மத்திய நிறுவனங்களுக்கு ஒரு வழி, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வேறு வழி. என்.ஐ.டி. போன்றவை 2017-இல் தொடங்கப்பட்ட ஹெஃபா என்ற உயர்கல்வி நிதி முகமையிடம் கடன் பெறலாம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கதவு கிடையாது. சேதுராப்பட்டி ஐ.ஐ.ஐ.டி. மூன்றாவது வகை. இந்தத் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கான மூலதனச் செலவு 128 கோடி ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 35 சதவீதம், தொழில் நிறுவனங்கள் 15 சதவீதம். கணக்குப் போட்டால் 64 கோடி, 44.80 கோடி, 19.20 கோடி. சொந்த வளாகம் வரும்வரை அந்த நிறுவனம் என்.ஐ.டி. வளாகத்தில்தான் இயங்கியது. மூன்று கைகள் சேர்ந்து போடும் பணத்துக்கு அந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு என்ன இருக்கிறது? விளையாட்டு வசதிக்கு மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது விளையாட்டுக்கான பணம். விழா மேடைக்கும் மெத்தை இருக்கைக்கும் அதில் கை வைக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதற்குச் சாலையும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் முன்னால் வரிசையில் நிற்கின்றன.

மதிப்பீடு போடும்போது பலரும் மறப்பது வரி. 20 கோடி ரூபாய்க் கட்டுமான ஒப்பந்தம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 3.60 கோடி. அதன் பிறகு மின்கட்டணம், காவலாளி, துப்புரவு, தளப் பராமரிப்பு. இவை ஆண்டுதோறும் வரும், மானியம் தருபவர்கள் இதற்குத் தரமாட்டார்கள். 2 கோடியைத் தனியே வைப்புநிதியாகப் போட்டால் 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 14 லட்சம் கிடைக்கும். அப்படி ஒதுக்காத நிர்வாகம் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கும்: மாணவர் கட்டணத்தில் "விளையாட்டுக் கட்டணம்" என்று சேர்க்கும், அல்லது கூடத்தைக் கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் வாடகைக்கு விடும். வாடகை தப்பில்லை. முகூர்த்த மாதத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நின்றுபோவதுதான் தப்பு.

நம் சமுதாயத்தில் அடிக்கடி எழும் கேள்வி: இப்படியான கட்டடத்துக்கு ஜகாத் கொடுக்கலாமா? திருக்குர்ஆனின் 9:60 வசனம் ஜகாத்துக்குரியவர்களை எட்டு வகையாக வரையறுத்திருக்கிறது. விழா அரங்கமும் ஆடுகளமும் அதில் வராது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. அங்கே படிக்கும் ஏழை மாணவரின் கட்டணத்துக்குக் கொடுப்பது வேறு விஷயம். கட்டடத்துக்குக் கொடுக்க விரும்புவோர் ஸதகாவாகவோ வக்ஃபாகவோ கொடுக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் முன்னாள் மாணவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. பெறும் கல்லூரி அறக்கட்டளை அதற்கான பதிவு வைத்திருக்க வேண்டும், பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நல்லெண்ணத்தில் அனுப்பிய பணம் சட்டச் சிக்கலாகத் திரும்பிவிடக் கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். திறந்த மைதானத்தில் ஓடத் தயங்கும் நம் பெண்கள், நாலு சுவருக்குள் தனி நேரம் கிடைத்தால் பேட்மிண்டனும் கூடைப்பந்தும் ஆட வருவார்கள். அதற்குத் தனி உடைமாற்றும் அறை, தனி வாசல், பெண் பயிற்சியாளர், வாரத்தில் குறித்த நேரம் இவை வேண்டும். அறையும் வாசலும் வரைபடத்தில் இருக்க வேண்டியவை, கட்டி முடித்த பிறகு சுவரை இடித்துச் சேர்ப்பதற்கு இரட்டிப்புச் செலவு. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலோ முன்னாள் மாணவர் கூட்டத்திலோ இப்படி ஒரு திட்டம் பேசப்பட்டால், அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே வரைபடத்தையும், முதல் ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்புக் கணக்கையும் மேஜையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.