செருப்பில்லாத காலில் குத்திய முள்

மதுரை என்றதும் நமக்கு மல்லிகையும் மீனாட்சியும் நினைவுக்கு வரும். உலகமெங்கும் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கோ மதுரை என்பது ஒரு நோயின் பெயர். 'மதுரா ஃபுட்', அதாவது மதுரைக் கால். சூடானிலோ மெக்சிகோவிலோ ஒரு விவசாயிக்கு இந்த நோய் வந்தாலும் மருத்துவப் புத்தகத்தில் அதற்கு நம்மூர்ப் பெயர்தான். நோயை உண்டாக்கும் பூஞ்சை ஒன்றுக்கு 'மதுரெல்லா' என்றும், பாக்டீரியா வகை ஒன்றுக்கு 'ஆக்டினோமதுரா' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார். 1846-இல் கோல்புரூக் என்பவர் 'மதுரா ஃபுட்' என்ற பெயரைப் பதிவு செய்தார். பம்பாயில் இருந்த வேண்டைக் கார்ட்டர் இதற்குப் பூஞ்சைதான் காரணம் என்று சொல்லி, 1860-இல் 'மைசிட்டோமா' என்று பெயரிட்டார். பூஞ்சைக் கட்டி என்பது அதன் பொருள். புகழ்பெற்ற கிரே உடற்கூறியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இதே கார்ட்டர்தான்.

வலிக்காத கட்டி

இந்தக் கிருமிகள் மண்ணில் வாழ்பவை. வெறுங்காலில் முள்ளோ கல்லோ சுள்ளியோ குத்தும்போது தோலுக்கு அடியில் போய்விடுகின்றன. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். சில மாதங்கள் கழித்து, சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து, அந்த இடத்தில் சிறு கட்டி எழும்பும். அது வலிக்காது. இந்த நோயின் வஞ்சகமே அதுதான். வலிக்காத கட்டிக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்?

கட்டி மெல்லப் பரவிக் கால் வீங்கும். தோலில் துளைகள் விழுந்து சீழ் வடியும். சீழோடு மணல் போன்ற குருணைகள் வரும். கறுப்புக் குருணை என்றால் பெரும்பாலும் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் வரும். கடைசியில் எலும்பையும் அரிக்கும். வீங்கிய காலைப் பார்த்து யானைக்கால் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கொசு பரப்பும் வேறு நோய். மதுரைக் கால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தொட்டால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது.

பாக்டீரியாவால் வந்ததென்றால் பல மாதங்கள் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சையால் வந்தால் மருந்து இன்னும் நீளும். அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம். முற்றிப்போன பிறகு வருபவர்கள் காலையே இழக்க நேர்கிறது. இளம் வயதில், உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் காலத்தில்தான் இது அதிகம் தாக்குகிறது.

மதுரைக் கால் வறண்ட முள்காட்டு மண்ணில் அதிகம் வருவது. தண்ணீர் கிடக்கும் நம் நாஞ்சில் வயல்களில் வேறொன்று உண்டு: சேற்றுப்புண். நடவுக்கும் களையெடுப்புக்கும் நாள் முழுக்கச் சேற்றில் நின்ற பெண்களின் கால்விரல் இடுக்குகளைப் பார்த்தால் தெரியும். ஊறி வெளுத்துப்போன தோலில் பூஞ்சை குடியேறி வெடிப்பாகிறது. அந்த வெடிப்பு வழியாக மற்றக் கிருமிகளும் நுழைகின்றன. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் இப்படிப்பட்ட புண் ஒரு வாசல்.

கிருமிக்குச் சாதி தெரியாது. வெறுங்காலும் புண்ணான தோலும் எங்கே இருக்கின்றனவோ அங்கே நுழையும். அந்தக் கால்கள் யாருடையவை, அவை ஏன் வெறுங்காலாகவே இருந்தன என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

தடை செய்யப்பட்ட செருப்பு

நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், நாடார் மக்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன்நகை பூணவும் தடை இருந்ததை எழுதியிருக்கிறார். அவர்களுக்கே இந்த நிலை என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் மக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அடிமைகளை விற்ற ஆவணங்கள் இருக்கின்றன. மனிதரையே விலைக்கு விற்ற மண்ணில் காலுக்குச் செருப்பு யார் கொடுப்பார்? திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல்தான்.

சேற்றில் இறங்குகிறவர் யாரும் செருப்புப் போட முடியாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வரப்பில் நின்று வேலை வாங்கியவர் காலில் செருப்பு இருந்தது. சேற்றிலிருந்து கரையேறி முள் கிடக்கும் பாதையில் கட்டு சுமந்து நடந்தவருக்கு அது இல்லை. வாங்கக் காசிருந்தாலும் ஊர்த் தெருவில் போட அனுமதி இல்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தாங்கள் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

கண்ணப்ப நாயனார் செருப்பணிந்த காலைச் சிவனின் கண்மீது ஊன்றியதைப் பக்தியின் உச்சம் என்று போற்றுகிறோம். இராமனின் பாதுகை அரியணை ஏறிய கதையை விடிய விடியக் கேட்கிறோம். அதே சமூகத்தில்தான் சக மனிதனின் காலில் கிடக்கும் செருப்பு ஒரு தெருவுக்கே அவமானமாகத் தெரிகிறது.

இது பழங்கதை அல்ல. 2013-இல் மதுரை மாவட்டம் உசிலம்பட்டி அருகே, செருப்பணிந்து நடந்த குற்றத்துக்காக ஒரு தலித் பள்ளி மாணவன் அந்தச் செருப்பைத் தலையில் சுமக்க வைக்கப்பட்டான். மருத்துவ உலகம் மதுரைக் கால் என்று பெயர் வைத்த அதே மதுரைச் சீமையில்தான் இது நடந்தது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் சுமார் 60 தலித்துகள், காலங்காலமாகச் செருப்பணிந்து போக முடியாதிருந்த தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். அதுவே செய்தியாக வேண்டியிருந்தது.

சட்டம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் செருப்பு அணிவதைத் தடுப்பது அதில் பெயர் சொல்லியே குற்றமாக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை மதுரைக் காலைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாக ஏற்றது. கில் கண்டறிந்து 174 ஆண்டுகள் கழித்து! பணக்காரர் காலில் வந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா?

நாம் செய்ய வேண்டியவை எளியவை. முள் குத்திய இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வேலை முடிந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். காலில் வலிக்காத கட்டி இருந்து, அது வளர்ந்துகொண்டே போனால் பச்சிலை கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். மலக்குழியிலும் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைத் தூய்மைப் பணியாளர்களுக்குச் சொல்லுங்கள். கையுறையும் பூட்சும் கேட்டு வாங்குவது அவர்கள் உரிமை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு உங்களுக்கு விலையில்லாக் காலணி தருகிறது. அதைப் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவிலும் நடங்கள். உங்களுடன் படிக்கிற யாராவது ஒரு தெரு முனையில் அதைக் கழற்றிக் கையில் எடுப்பதைப் பார்த்தால், சும்மா கடந்து போய்விடாதீர்கள். மறுபடி காலில் போடச் சொல்லி, அந்தத் தெருவைத் தாண்டும்வரை கூடவே நடந்து போங்கள்.